காட்டில் ராத்தங்கல்: டர்பனிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனில் நம் ஆட்களிடம் "பெர்க் பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டால், எல்லோரும் பார்த்திருப்பார்கள். டிராக்கன்ஸ்பெர்க் மலையைத்தான் இங்கே சுருக்கமாகப் பெர்க் என்போம். விடியற்காலையில் பிரியாணிச் சட்டியை டிக்கியில் ஏற்றி, மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி, ஓடைக்கரையில் உட்கார்ந்து சாப்பிட்டு, இருட்டுவதற்குள் என்3 நெடுஞ்சாலையைப் பிடித்து வீடு திரும்பியிருப்பார்கள். நானும் முதல் ஐந்து வருடம் அப்படித்தான் போய்வந்தேன். ஒரு மே மாதம் ஜயன்ட்ஸ் காசில் பக்கம் ஒரு பாறைக் குகையில் படுத்தேன். அன்றைக்குத்தான் ஒன்று உறைத்தது: நாம் கிளம்பிப் போன பிறகுதான் மலை பேச ஆரம்பிக்கிறது.

அதற்குப் பிறகு எங்கே போனாலும் "என்ன பார்க்கலாம்" என்று நான் முதலில் கேட்பதில்லை. "எங்கே படுக்கலாம்" என்றுதான் கேட்கிறேன். படுக்கும் இடம் சரியாக அமைந்தால் பார்க்க வேண்டியது தானாக எதிரே வந்து நிற்கும். தென்னாப்பிரிக்காவில் அப்படிப்பட்ட இடங்கள் நிறைய உண்டு. பணக்கார லாட்ஜுகளைச் சொல்லவில்லை. அரசுப் பூங்காக்களிலேயே, சாதாரணக் குடும்பம் கொடுக்கக்கூடிய கட்டணத்தில் இருப்பவற்றைச் சொல்கிறேன்.

முதலில், யார் யார் வருகிறார்கள்?

இடத்தைத் தேடுவதற்கு முன்பே இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கூட வருகிறவர்களில் யாருக்கு முழங்கால் வலி, யார் இருட்டில் பயப்படுவார்கள், யாருக்கு ராத்திரி மூன்று தடவை எழுந்திருக்க வேண்டும் என்பதை வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். முதுகில் பத்துப் பன்னிரண்டு கிலோ சுமந்து மூன்று மணி நேரம் ஏற முடிகிறவர்களுக்குக் குகை. நடக்க முடியாது, ஆனால் சத்தம் போடாமல் உட்கார முடியும் என்பவர்களுக்குக் குரூகர் தேசியப் பூங்காவில் இருக்கும் ஹைட், அதாவது மிருகங்களை மறைந்திருந்து பார்க்கும் இடம். நடக்கவும் முடியும், மிருகங்கள் உலவும் காட்டில் கூரை இல்லாமல் படுக்கவும் துணிவு உண்டு என்றால் இம்ஃபோலோசி பூங்காவின் காட்டு நடை. சின்னப் பிள்ளைகள் கையில் இருந்தால் இந்த மூன்றையும் கொஞ்ச வருடம் தள்ளிப்போடலாம். அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் பெர்க்கிலேயே கதீட்ரல் பீக் அடிவாரத்தில் டிடிமா முகாம் இருக்கிறது. அங்கே கூரை வேய்ந்த வீடுகளையே பாறைக் குகை போலக் கட்டியிருக்கிறார்கள், கட்டிலும் வெந்நீரும் உண்டு.

டிராக்கன்ஸ்பெர்க் குகை

ஜூலு மொழியில் இந்த மலைக்கு உகஹ்லாம்பா என்று பெயர். ஈட்டிகளை நட்டு வைத்த தடுப்பு என்று பொருள் சொல்வார்கள். யுனெஸ்கோ 2000-ல் இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

குகை என்றதும் இருண்ட சுரங்கத்தை நினைக்க வேண்டாம். மலையின் மேல்பகுதி எரிமலைக் குழம்பு இறுகிய கருங்கல், பசால்ட். அதன் கீழே வெளிர்மஞ்சள் மணற்பாறை ஒரு பட்டை போல ஓடுகிறது. மணற்பாறை மென்மையானது. நீரும் காற்றும் பனியும் அதைக் கீழிருந்து அரித்து அரித்து, மேல்பாறை தாழ்வாரம் போல நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தத் தாழ்வாரத்தின் அடிதான் நம் படுக்கை. பின்னால் சுவர், மேலே கூரை, முன்பக்கம் முழுக்கத் திறந்த வெளி. கிராமத்துத் திண்ணையில் படுத்துப் பழகியவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது, எதிரே தெருவுக்குப் பதில் ஒரு பள்ளத்தாக்கு இருக்கும் என்பதைத் தவிர.

இதே தாழ்வாரங்களில்தான் இந்த மண்ணின் ஆதி வேட்டைக்குடிகளான சான் மக்கள் பல ஆயிரம் வருடம் வாழ்ந்தார்கள். பூங்கா முழுக்கச் சுமார் 600 இடங்களில் 35,000 ஓவியங்கள் வரை இருக்கின்றன. ஓவியம் உள்ள குகையில் தங்க அனுமதி இல்லை. இந்த விதியை மனசாரக் கடைப்பிடியுங்கள். அடுப்புப் புகையும் கைப்பிசுக்கும் பட்டால் அந்தச் சிவப்பு எலாண்ட் மான்கள் அழிந்தேவிடும், திரும்ப வரைய யாரும் இல்லை. தங்குவதற்கென்று ஒதுக்கிய குகைகள் தனியாக இருக்கின்றன.

இனி வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முகாமைத் தேர்ந்தெடுங்கள், அப்புறம் குகை. ஜயன்ட்ஸ் காசில், இன்ஜிசுதி, கதீட்ரல் பீக், கார்டன் காசில், கோப்ஹாம் என்று ஒவ்வொரு நுழைவாயிலுக்கும் தனித்தனிக் குகைகள் உண்டு. இவற்றை நிர்வகிப்பது எசெம்வேலோ கேஇசட்என் வைல்ட்லைஃப் என்ற மாகாண வன அமைப்பு. அந்தந்த முகாம் அலுவலகத்தை நேரடியாகத் தொலைபேசியில் கூப்பிட்டுப் பேசுவதுதான் நல்லது. குகையின் பெயரைச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஆள் எண்ணிக்கை வரம்பு உண்டு, ஒரு ராத்திரிக்கு ஒரு குழுவுக்குத்தான் கொடுப்பார்கள். பேசும்போதே மூன்று கேள்வி கேளுங்கள்: நடை எத்தனை மணி நேரம், மிக அருகில் தண்ணீர் எங்கே, இந்த மாதத்தில் அந்த ஓடையில் தண்ணீர் ஓடுகிறதா. மூன்றாவது கேள்வியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆகஸ்டு, செப்டம்பரில் சின்ன ஓடைகள் வற்றிக் கிடக்கும்.

மாதத்தைப் பொறுத்தவரை என் ஓட்டு ஏப்ரல் கடைசிக்கும் மே மாதத்துக்கும்தான். மழை ஓய்ந்திருக்கும், ஓடையில் தண்ணீர் இருக்கும், புல் பொன்னிறமாகியிருக்கும், குளிர் இன்னும் கடிக்க ஆரம்பித்திருக்காது. ஜூன், ஜூலையில் வானம் துடைத்து வைத்தது போல இருக்கும், ஆனால் ராத்திரி பூஜ்யத்துக்குக் கீழே இறங்குவது சாதாரணம். சில நாள் பனியும் பொழியும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே கோடை, பிற்பகல் இடிமழைக் காலம். ஒரு டிசம்பரில் நாங்கள் டர்பனில் பத்து மணிக்குத்தான் கிளம்பினோம், நடையைத் தொடங்கும்போது மணி இரண்டு. மூன்றரைக்கு வெட்டவெளிச் சரிவில் மின்னல் எங்களைச் சுற்றி இறங்க ஆரம்பித்தது. மூட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, ஒருவரை விட்டு ஒருவர் விலகி, குந்தி உட்கார்ந்து நாற்பது நிமிடம் காத்திருந்தோம். என் மகள் அழவில்லை, ஆனால் அவள் கைவிரல் வெளுத்துப் போயிருந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. கோடையில் போவதானால் நண்பகலுக்குள் குகையில் இருக்க வேண்டும். அதற்கு முந்தின நாளே வந்து அடிவாரத்தில் தங்குங்கள்.

நடையைத் தொடங்கும் முன் முகாமில் மலைப் பதிவேடு இருக்கும். எத்தனை பேர், எந்தப் பாதை, எந்தக் குகை, எப்போது திரும்புவீர்கள் என்று முழுதாக எழுதுங்கள். மேலே போன் எடுக்காது. உங்களுக்கு ஏதாவது ஆனால் தேடி வருகிறவர்கள் கையில் இருக்கப்போவது அந்த ஒரு வரிதான்.

குகையில் விறகு மூட்டக்கூடாது. சின்னக் கேஸ் அடுப்புதான். காய்ந்த புல்மலையில் ஒரு பொறி போதும், அடுத்த பள்ளத்தாக்கு வரை எரியும்.

சாப்பாட்டில் நம் ஆட்கள் வழக்கமாகச் செய்யும் தவறு, அதிகம் சுமப்பது. முதல் வேளைக்கு உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டிய ரொட்டி. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது டர்பன் சாட்ஸ்வொர்த்தில் நாலு தலைமுறையாக இருக்கும் பக்கத்து வீட்டு அக்கா. "தம்பி, சோறு வேண்டாம், கனக்கும், கெட்டுப்போகும், ரொட்டி மூணு நாள் நிக்கும்" என்றார். ராத்திரிக்கு நான் கொண்டுபோவது அவல், ரசப்பொடி, வறுத்த பருப்புப்பொடி, ஒரு சின்னப் புட்டியில் நெய். கொதிக்கிற ரசத்தில் அவலைப் போட்டு மூடி வைத்தால் ஐந்து நிமிடத்தில் தயார். குளிரில் கை நடுங்கும்போது அந்தத் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், மிளகு வாசனை பாறைக்கூரை வரை ஏறி நிற்கும். சுக்குக் காபிப் பொடியையும் மறக்க வேண்டாம்.

படுக்கை விரிக்கும் முன் தரையை டார்ச் அடித்துப் பாருங்கள். குகையின் வாய்ப்பக்கம் மண்ணில் வரிசையாகச் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். மழை பெய்தால் கூரை விளிம்பிலிருந்து நீர் சொட்டும் கோடு அது. அதற்கு ஒரு முழமாவது உள்ளே தள்ளித்தான் பாய் விரிக்க வேண்டும். காற்று அடித்தால் இன்னும் உள்ளே. சாப்பாட்டுப் பையை மூட்டைக்குள் வைக்காதீர்கள், எலி ஓட்டை போட்டுவிடும். கயிற்றில் கட்டிப் பாறை முனையில் தொங்க விடுங்கள். பகலில் பபூன் குரங்குகள் கண்ணில் பட்டால் தின்பண்டத்தைக் காட்டவே வேண்டாம். காலையில் செருப்பை, ஷூவைத் தட்டிவிட்டுப் போடுங்கள். பஃப் ஆடர், பெர்க் ஆடர் போன்ற விஷப்பாம்புகள் இந்த மலையில் உண்டு. அவை தேடி வந்து கடிப்பதில்லை, மிதித்தாலோ சீண்டினாலோதான் கடிக்கும். ஆகவே இருட்டில் வெறுங்காலோடு இறங்கக்கூடாது. தண்ணீரை வெளிச்சம் இருக்கும்போதே பிடித்து வைத்துவிடுங்கள். கழிப்புக்கு ஓடையிலிருந்து நன்றாகத் தள்ளிப் போய், குழி தோண்டி மூடுங்கள். காகிதத்தை ஒரு பையில் போட்டுத் திரும்ப எடுத்து வர வேண்டும்.

இவ்வளவும் முடிந்தால், அப்புறம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: டார்ச்சை அணைத்துவிடுவது. கண் பழக இருபது நிமிடம் ஆகும். ஜூலை ராத்திரி ஒன்பது மணிக்கு விருச்சிகம் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். திருநெல்வேலியில் தெற்கு வானத்தில் சரிந்து கிடப்பதாகவே பார்த்த கேட்டை நட்சத்திரம், இங்கே கழுத்தை முழுக்கப் பின்னால் சாய்த்தால்தான் தெரியும். நம் ஊரில் அடிவானத்தை ஒட்டி எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் திரிசங்கு, இங்கே உயரே ஏறி நிற்கிறது. கீழே எங்கோ நரி ஊளையிடும். கிழக்கு வெளுக்கும்போது முதல் வெளிச்சம் உச்சிக் கருங்கல்லில் பட்டுச் சிவந்து, சுவர் வழியாக மெல்லக் கீழே இறங்கி வரும். அது நம் பாயைத் தொட ஒரு மணி நேரம்கூட ஆகலாம். எழுந்திருக்காமல் படுத்தபடியே பாருங்கள்.

குரூகரில் ஒரு பரண்

என் தாத்தா கம்பங்கொல்லையில் பரண் கட்டி, ராத்திரி பன்றி வராமல் காவல் கிடந்தவர். குரூகர் பூங்காவின் ஹைட்டில் தங்கியபோது அந்தப் பரண் நினைவுதான் வந்தது. ஹைட் என்பது நீர்நிலையோரம் மரப்பலகையில் கட்டிய, பறவை பார்ப்பதற்கான மறைவிடம். பகலில் யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். இரண்டு ஹைட்டுகளை மட்டும் ராத்திரியில் தங்குவதற்கும் கொடுக்கிறார்கள். ஒன்று ஃபலபோர்வா கேட் அருகே சேபிள் அணைக்கரையில், மற்றொன்று மொபானி முகாம் அருகே ஷிபான்டானி. சேபிளில் 2 முதல் 9 பேர் வரை, ஷிபான்டானியில் 2 முதல் 6 பேர் வரை. பதிவு செய்த குழு மட்டும்தான் இருக்கும். தனியாள் போக முடியாது.

இரண்டுமே தென்னாப்பிரிக்கத் தேசியப் பூங்காக்களின் முன்பதிவில் கிடைக்கும். பள்ளி விடுமுறை நாள் வேண்டுமென்றால் பல மாதம் முன்பே பிடித்துவிடுங்கள். டர்பனிலிருந்து ஃபலபோர்வா ஒரு முழுநாள் ஓட்டம். ஒரே நாளில் ஓட்டிப்போய் அன்றைக்கே ஹைட்டில் இறங்குவேன் என்று திட்டம் போடாதீர்கள். கேட் மூடும் நேரம் கண்டிப்பானது, அதற்குள் சாவி வாங்கி உள்ளே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். முந்தின ராத்திரி வேறெங்காவது தங்கிவிட்டு, பகலெல்லாம் காட்டில் மெல்ல ஓட்டி, சாயங்காலம் ஹைட்டுக்கு வருவதே சுகம். படுக்கை விரிப்பு அங்கே கிடைக்குமா, நாம் கொண்டுபோக வேண்டுமா என்பதைப் பதிவின்போதே கேளுங்கள். குடிதண்ணீர், விறகு, விளக்கு எல்லாம் நம் பொறுப்பு.

மடக்குக் கட்டிலைச் சுவரிலிருந்து இறக்கிப் போட்டால் அறை தயார். பக்கத்தில் வேலி போட்ட சின்ன முற்றத்தில் பிராய் போடலாம் (நெருப்பில் சுட்டுச் சமைப்பது), வேலிக்கு வெளியே கால் வைக்கக்கூடாது. சீக்கிரம் சமைத்து, சீக்கிரம் நெருப்பை அடக்கிவிட்டு உள்ளே வந்துவிடுங்கள். நீர்யானையின் உறுமலை முதல்முறை கேட்கிறவர்கள் யாரோ கிழவர் வயிறு குலுங்கச் சிரிப்பதாக நினைப்பார்கள். தண்ணீர் மேல் அந்தச் சத்தம் தவழ்ந்து பலகையில் மோதும்போது கட்டிலில் அதிர்வு தெரியும். கழுதைப்புலி கூப்பிடுவது இதற்கு நேர்மாறு, கீழே ஆரம்பித்துச் சரேலென்று மேலே ஏறி முடியும். யானை வந்தால் சத்தமே இருக்காது. நீரை உறிஞ்சும் ஒலி கேட்கும்போதுதான் வந்திருக்கிறது என்றே தெரியும்.

குரூகர் மலேரியா இருக்கும் பகுதி, மழைக்காலத்தில் அபாயம் கூடுதல். கிளம்பச் சில வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். நீளக்கை சட்டை, கொசுத்தைலம், கொசுவலை மூன்றும் வேண்டும். திரும்பி வந்த சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால் குரூகர் போனதை மருத்துவரிடம் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பெர்க்கில் இந்தக் கவலை இல்லை.

இம்ஃபோலோசியில் சாமக் காவல்

டர்பனுக்கு வடக்கே என்2 சாலையில் மூன்று மூன்றரை மணி நேரத்தில் ஹ்லுஹ்லுவே-இம்ஃபோலோசி பூங்கா. 1895-ல் பாதுகாக்கப்பட்ட காடு. வெள்ளைக் காண்டாமிருகம் அழிவின் விளிம்பில் நின்றபோது அதற்குக் கடைசிப் புகலிடமாக இருந்தது இதுதான். இன்றைக்கு உலகில் எங்கே தென்னக வெள்ளைக் காண்டாமிருகத்தைப் பார்த்தாலும் அதன் பூர்வீகம் இங்கேதான். இந்தப் பூங்காவின் தென்பகுதியில் சாலையே போடாமல் விட்டு வைத்திருக்கிறார்கள். அங்கே நடந்துதான் போக முடியும். இயன் பிளேயர் என்ற வனக்காவலரும் அவருக்குக் காட்டைக் கற்றுக்கொடுத்த மக்குபு இன்டோம்பெலாவும் 1959-ல் தொடங்கிய நடைப்பயணம் இன்றும் நடக்கிறது.

இதில் முகாமில் படுக்கும் வகையும் உண்டு, கூடாரமே இல்லாமல் படுக்கும் வகையும் உண்டு. நான் சொல்வது இரண்டாவதை. எட்டுப் பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. துப்பாக்கி ஏந்திய காவலர்கள் முன்னே நடப்பார்கள். சாப்பாடு, பாய், உடுப்பு எல்லாம் நம் முதுகில். ஆற்றங்கரையில் நெருப்பு மூட்டி, அதைச் சுற்றிப் படுக்க வேண்டும். முக்கியமான விஷயம் இதுதான்: ராத்திரிக் காவலை நாம்தான் பார்க்க வேண்டும். ஒருவர் மாற்றி ஒருவர், ஆளுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்.

எனக்கு ஒருமுறை இரண்டாம் சாமம் வந்தது. எழுப்பியவர் என் கையில் டார்ச்சைக் கொடுத்துவிட்டுப் படுத்துவிட்டார். வேலை இவ்வளவுதான்: நெருப்பைச் சின்னதாக உயிரோடு வைத்திருப்பது, சில நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து சுற்றிலும் டார்ச் அடித்துக் கண்கள் மின்னுகின்றனவா என்று பார்ப்பது, மின்னினால் காவலரை எழுப்புவது. முதல் பத்து நிமிடம் ஒவ்வொரு இலையும் சிங்கமாகத் தோன்றியது. பிறகு எது தவளை, எது வௌவால், எது ஆற்றுநீர் என்று காது தானாகவே பிரிக்க ஆரம்பித்தது. ஏழு பேர் நம்மை நம்பித் தூங்குகிறார்கள் என்ற நினைப்பு உடம்பையே வேறு மாதிரி ஆக்கிவிடுகிறது. என் நேரம் முடிந்தும் அடுத்தவரை எழுப்ப மனம் வரவில்லை, இன்னும் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இதற்குத் தயாராகிறவர்கள் ஒரு மாதம் முன்பிருந்தே எடையோடு நடந்து பழகுங்கள். வெளிர்நிறச் சட்டை வேண்டாம், மண்நிறமோ பச்சையோ போதும். சென்ட் பூசாதீர்கள். சிறு பிள்ளைகளை இதற்கு எடுப்பதில்லை, வயது வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாலு நாள் விடுமுறைக்கு மேல் இருந்தால்

கலகாடி. போட்ஸ்வானா எல்லையில், 2000-ல் இரு நாடுகளும் சேர்த்து அமைத்த பாலைவனப் பூங்கா. அங்கே வேலி இல்லாத சின்ன முகாம்கள் இருக்கின்றன. உரிகாரூஸில் ஆற்றுப்படுகையைப் பார்த்தபடி கால்கள் மேல் நிற்கும் குடில்கள், கீலிக்ராங்கியில் செம்மணல் மேட்டுக்குள் புதைத்துக் கட்டிய அறைகள். கருத்த பிடரி சிங்கங்களுக்குப் பேர்போன இடம், வராந்தா வரை வரும். குடிதண்ணீரும் விறகும் கொண்டுபோக வேண்டும். இந்த முகாம்களில் பன்னிரண்டு வயதுக்குக் கீழே பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. டர்பனிலிருந்து போகவே இரண்டு நாள் ஆகும் என்பதால் இதை வருடாந்தர விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் பொதுவாக

தூக்கத்தில் கஞ்சத்தனம் கூடாது. ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது அதில் எழுதியிருக்கும் 'சுகமான வெப்பநிலை' எண்ணைப் பாருங்கள், 'எக்ஸ்ட்ரீம்' என்ற அதீதக் குளிர் வரம்பு எண்ணைப் பார்த்து ஏமாற வேண்டாம். அடியில் விரிக்கும் பாய் அதைவிட முக்கியம், குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது. தலையில் மாட்டும் டார்ச் ஆளுக்கு ஒன்று, மாற்று பேட்டரியோடு.

வருடத்தில் சில தடவையாவது போகிறவர்கள் வைல்ட் கார்டு எடுத்துவிடுங்கள். தேசியப் பூங்காக்களிலும் எசெம்வேலோ பூங்காக்களிலும் தினசரி நுழைவுக் கட்டணம் மிச்சம். தங்கும் கட்டணம் தனி.

இருட்டிய பிறகு கிராமச் சாலைகளில் ஓட்டாதீர்கள். குழிகளும் குறுக்கே நிற்கும் மாடுகளும் விளக்கு வெளிச்சத்தில் கடைசி நொடியில்தான் தெரியும். அவசரத்துக்குச் செல்போனில் 112. சிக்னல் எங்கே கடைசியாகக் கிடைத்தது என்று ஏறும்போதே மனதில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் காலையில் குகையோ ஹைட்டோ, ஒரு தடவை குனிந்து தரையைப் பாருங்கள். தீக்குச்சி, பேரீச்சம்பழக் கொட்டை, ஆரஞ்சுத் தோல் எதுவும் கிடக்கக் கூடாது. தோல் மக்கிவிடும் என்று விட்டுவிட்டு வருகிறவர்கள் உண்டு. அந்த வாசனைக்குப் பழகிய பபூன்தான் அடுத்து வருகிறவரின் பையைக் கிழிக்கிறது.

முகாமுக்கு இறங்கி வந்ததும் வண்டியைத் திறப்பதற்கு முன்னால் அலுவலகத்துக்குப் போய், மலைப் பதிவேட்டில் உங்கள் பெயருக்கு எதிரே திரும்பிவிட்டதாகக் கையெழுத்துப் போடுங்கள். களைப்பில் இதை மறந்துவிட்டு நீங்கள் டர்பனில் வெந்நீரில் குளித்துக்கொண்டிருக்கும்போது, உங்களைத் தேடி ஆட்கள் மலை ஏறிக்கொண்டிருப்பார்கள்.